எத்தனை தீவு போதும்?

நமது வீட்டில் ஐந்து வருஷமாகக் கட்டி வந்த சீட்டுப் பணம் இந்த வருஷம் கைக்கு வந்தது. மாடியில் ஓர் அறை கட்டுவதற்கென்று ஆரம்பித்த சீட்டு அது. நடுவில் என்ன நேர்ந்தது என்பதை விவரிக்கப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. மேற்படி மாடி அறை, செங்கல்லும் சிமெண்டுமாக உருவெடுப்பதற்கு முன்பே, கிரேக்க தேசத்துக்குப் புறப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

குற்றம் நம்முடையதுதான். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். கரும்பலகையில் ஏஜியன் கடலை வரைந்து, அதில் சாக்குக் கட்டியால் புள்ளி புள்ளியாகத் தீவுகளை வைப்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஸார், நீங்கள் அந்த ஊருக்கெல்லாம் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொன்னோம். அவள் மரியாதையாக உட்கார்ந்துவிட்டாள். அந்த மரியாதையை நம்மால் தாங்க முடியவில்லை.

ஆகவே, முதல் திட்டத்தை நாமே தயாரித்தோம். பன்னிரண்டு நாள், ஏழு தீவு. ஏதென்ஸில் இரண்டு நாள் தங்குவது. பிறகு மிகோனோஸ், டீலோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், மீலோஸ், சாண்டோரினி, முடிவில் கிரீட். கிரீட்டிலிருந்து ராத்திரிக் கப்பலில் கிளம்பி, விடியற்காலையில் ஏதென்ஸை அடுத்த பைரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, அன்று மத்தியானமே ஊருக்கு ஆகாய விமானம். காகிதத்தில் பார்த்தபோது அற்புதமாக இருந்தது.

நமது சகதர்மிணி அந்தக் காகிதத்தை வாங்கி, பால் கணக்குப் பார்க்கும் அதே பார்வையோடு பார்த்தாள். "ஏழு தீவென்றால் ஏழு தடவை பெட்டி கட்ட வேண்டும், ஏழு தடவை அவிழ்க்க வேண்டும். பெட்டி கட்டி அவிழ்ப்பதற்கு இவ்வளவு செலவழிப்பானேன்? அதை நான் இங்கேயே செய்துவிட்டுப் போகிறேன்!" என்றாள்.

கோபம் வந்தது. கோபம் தணிந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தேசப் படத்தில் விரற்கடை தூரத்தில் இருக்கும் தீவுகள் கடலில் அப்படி இல்லை. பைரேயஸிலிருந்து நாக்ஸோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சாண்டோரினிக்கு ஏறக்குறைய எட்டு மணி. துரிதப் படகுகள் இருக்கின்றன. அவை நேரத்தைக் குறைத்துப் பணத்தைக் கூட்டுகின்றன. இது போகட்டும். காலையில் அறையைக் காலி செய்யச் சொல்லுவார்கள். கப்பல் பகல் இரண்டு மணிக்குத்தான் வரும். அந்த இடைவேளையில் பெட்டிகளுக்குக் காவலாகத் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குப் போகும் ஒவ்வொரு நாளிலும் பாதி நாள் இப்படியே போய்விடும். ஏழு தீவுக்கு மூன்றரை நாள். பன்னிரண்டு நாளில் மூன்றரை நாளைத் துறைமுகத்துச் சிமெண்டுப் பெஞ்சிகளுக்கு அர்ப்பணம் செய்வதற்காகவா ஐந்து வருஷம் சீட்டுக் கட்டினோம்?

இரண்டாவது விரோதி காற்று. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏஜியன் கடலின் மேல் வடக்கேயிருந்து ஒரு காற்று வீசுகிறது. இக்காலத்தில் அதற்கு மெல்டெமி என்று பெயர். நமது ஆடிக் காற்றுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம். அம்மியைப் பறக்க விடாவிட்டாலும் கப்பலை நிறுத்தி விடுகிறது. வானம் நிர்மலமாக இருக்கும், வெயில் பளிச்சென்று அடிக்கும், ஆனால் துறைமுக அதிகாரிகள், "இன்று கப்பல் கிடையாது" என்று சொல்லிவிடுவார்கள். முதலில் சிறிய துரிதப் படகுகள் நிற்கும். பிறகு பெரியவையும் நிற்கும். இது புராதனமான சங்கதிதான். மாஸிடோனியா அரசன் பிலிப், இந்தக் காற்றுக் காலத்தைப் பார்த்தே படையெடுக்கிறான், ஏதென்ஸின் கப்பல்கள் வடக்கே போக முடியாதென்பது அவனுக்குத் தெரியும் என்று டெமாஸ்தனீஸ் தமது பிரசங்கத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். யுலிஸஸ் வீடு திரும்பப் பத்து வருஷம் ஆயிற்று. நமது பள்ளிக்கூடத்தில் அவ்வளவு லீவு தருவதில்லை.

இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே ஒரு தரம் விலை கொடுத்துப் படித்திருக்கிறோம். அந்தமானில், முன்னே ஹாவ்லாக் என்றிருந்து 2018-ல் நேதாஜியின் ஞாபகமாக ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்றதே, அந்தத் தீவில் தங்கியிருந்தோம். விமானம் ஏற வேண்டிய தினத்தன்று காலையிலே கடல் கொந்தளித்தது. படகு விடவில்லை. யாரையும் நோக வழியில்லை. கடலைக் கோபித்துக்கொண்டு என்ன பயன்? விமானமோ நமக்காகக் காத்திருக்கவில்லை. நான்கு டிக்கெட்டுகளுக்கு மறுபடியும் பணம் கட்டினோம். அப்படியிருந்தும், கிரேக்க தேசத்துத் திட்டத்தில் கடைசி ராத்திரியைக் கப்பலில் வைத்திருந்தோமே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது!

பள்ளிக்கூட விடுமுறை மே மாதத்தில் வருவது நமது அதிர்ஷ்டம். மெல்டெமி அப்போது பெரும்பாலும் ஆரம்பிப்பதில்லை. வெயிலும் தாங்கும். கடல் நீர் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். மே முதல் தேதியன்று புராதன ஸ்தலங்களை மூடி விடுகிறார்கள். அவர்களுடைய ஈஸ்டர் பண்டிகை வேறு தள்ளித் தள்ளி வரும். 2027-ல் அது மே 2-ஆம் தேதி. அந்த வாரத்தில் ஏதென்ஸ்வாசிகள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதால் கப்பலில் இடம் கிடைப்பது கஷ்டம். தீபாவளிக்கு முதல் நாள் எழும்பூர் ஸ்டேஷனை நினைத்துக் கொள்ளுங்கள்.

நிற்க. திட்டத்தை உண்மையில் உடைத்தது கணக்கும் அல்ல, காற்றும் அல்ல, நமது தாயார்.

அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. முழங்காலில் வலி. நாம் போய்வரும் வரையில் அவள் கும்பகோணத்தில் நமது சகோதரி வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. அதை யார் தீர்மானித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தானாகவே தீர்மானமாகிவிட்டது. ஒவ்வொரு நாள் ராத்திரியும் நாம் படத்தை விரித்துக்கொண்டு வாதாடும்போது அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக் கொண்டிருப்பாள். ஒரு நாள் நமது பெண், டீலோஸைப் பற்றிப் பாட்டிக்குச் சொல்லிக் கொண்டிருந்தாள்.

டீலோஸ் மிகச் சிறிய தீவு. மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கு மேல் இராது. அப்போலோ தேவன் பிறந்த ஸ்தலம் என்பது ஐதிகம். சுற்றிலுமுள்ள தீவுகளுக்கு ஸைக்லடீஸ் என்று பெயர் வந்ததே, அவை இதை நடுவில் வைத்து வட்டமிட்டு நிற்பதாக எண்ணியதனால்தான். கி.மு. 426-ல் ஏதென்ஸ் நகரத்தார் இந்தத் தீவைச் சுத்தி செய்தார்கள். புதைகுழிகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். இனி இங்கே ஒருவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தார்கள். பிரசவ காலம் நெருங்கிய ஸ்திரீகளையும், உயிர் ஊசலாடிக் கொண்டிருப்பவர்களையும் படகில் ஏற்றிப் பக்கத்துத் தீவான ரீனியாவுக்குக் கொண்டு போனார்கள். பிற்காலத்தில் ரோமாபுரியின் தயவினால் டீலோஸ் சுங்கவரியற்ற துறைமுகமாயிற்று, வியாபாரம் பெருகிற்று. என்ன வியாபாரம் தெரியுமா? ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பக்கூடிய துறைமுகம் என்று ஸ்டிராபோ எழுதி வைத்திருக்கிறார். பிறகு கி.மு. 88-லும் 69-லும் கொள்ளை அடிக்கப்பட்டு, படிப்படியாகப் பாழாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1870-களில் தோண்ட ஆரம்பித்தார்கள். கோயில்களும், நாடக அரங்கும், சலவைக்கல் சித்திரத் தளம் போட்ட வீடுகளும், தெருக்களுமாக ஒரு நகரமே வெளிப்பட்டது. நாக்ஸோஸ் ஜனங்கள் சமர்ப்பித்த சலவைக்கல் சிங்கங்கள் இன்னமும் இருக்கின்றன. அசல்கள் பொருட்காட்சி சாலைக்குள்ளே, நகல்கள் வெளியே. ஒரு சிங்கம் வெனிஸ் நகரத்துக்குப் பிரயாணம் செய்து, வேறொரு தலையைப் பெற்று, அங்கே ஆயுதசாலை வாசலில் வீற்றிருக்கிறது. இன்றைக்கும் டீலோஸில் பிரயாணிகள் இரவு தங்க முடியாது. மிகோனோஸிலிருந்து அரைமணி நேரம் படகில் போய், அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். நிழல் இல்லை. குடையும் தண்ணீரும் கையோடு கொண்டு போக வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அம்மா, "ஏண்டா, அந்தத் தீவுக்குப் போகிற அன்றைக்குக் காற்றடித்தால் படகு விடமாட்டான் இல்லையா?" என்றாள்.

"விடமாட்டான், அம்மா."

"அப்படியானால் மறுநாள் போகவேண்டியதுதானே. மறுநாள் உன் கையில் இருக்கிறதா?"

காகிதத்தைப் பார்த்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு நாம் பாரோஸில் இருக்க வேண்டும்.

நமது பெண், "அப்பா! நம் எல்லாரையும்விடப் பாட்டிதான் நன்றாகத் திட்டம் போடுகிறாள். பாட்டி ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். ஊஞ்சல் சங்கிலியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நமது பிள்ளை, கல்லூரியில் படிக்கிறவன், ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்து, கிரீட், மீலோஸ், பாரோஸ் மூன்றையும் அடித்தான். கப்பல் கட்டணம், அறை வாடகை எல்லாம் கூட்டி, "ஐந்தாவது டிக்கெட்டில் முக்கால்வாசி இதிலே வந்துவிடும்" என்றான். பாக்கிக் கால்வாசிக்குச் சகதர்மிணி பொறுப்பேற்றுக் கொண்டாள். எங்கிருந்து என்று நாம் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்பது இருபது வருஷத்து அனுபவம்.

கிரீட்டை விட்டதில் நமக்கு அவ்வளவு வருத்தமில்லை. அது ஒரு சிறு ராஜ்யம். அதற்கென்று தனியாக ஒரு வாரம் வேண்டும். க்னாஸஸ் அரண்மனையை 1900 முதல் தோண்டிய ஆர்தர் எவன்ஸ், இடிந்ததைத் தமது மனோராஜ்யப்படி சிமெண்டு வைத்துக் கட்டிய காரியம் நமக்கு என்றும் பிடித்ததில்லை. மீலோஸை விட்டதுதான் மனத்தை உறுத்துகிறது. ஏன் என்று சொல்லுகிறோம்.

சாதாரணமாக எல்லாரும் ஏதென்ஸை முதலில் பார்த்துவிட்டுத் தீவுகளுக்குப் போகிறார்கள். நாமோ ஏதென்ஸைக் கடைசியில் வைத்துவிட்டோம். ஒரு காரணம் காற்று. கடைசித் தீவில் ஒரு நாள் கப்பல் நின்றால் ஏதென்ஸில் ஒரு நாள் குறையுமே தவிர, விமானம் தவறாது. மற்றொரு காரணம், பார்த்தினான் கோயில் எந்தப் பணத்தில் எழும்பிற்று என்பதைக் குழந்தைகள் முதலில் தெரிந்துகொள்ளட்டும் என்பது. கி.மு. 478-ல் பாரசீகரை எதிர்ப்பதற்கென்று தீவுகளும் நகரங்களும் ஏதென்ஸின் தலைமையில் ஒரு கூட்டாகச் சேர்ந்தன. பொதுப் பொக்கிஷம் டீலோஸில் இருந்தது. பாரசீக பயம் விலகியது; ஆனால் வசூல் விலகவில்லை. அந்தக் கூட்டிலிருந்து முதன்முதலாக விலகப் பார்த்த தீவு நாக்ஸோஸ். ஏதென்ஸ் அதை முற்றுகையிட்டு அடக்கிற்று. கி.மு. 454-ல் பொக்கிஷத்தைத் தன் ஊருக்கே கொண்டு போயிற்று. ஏழு வருஷம் கழித்துப் பார்த்தினான் எழும்ப ஆரம்பித்தது. மீலோஸ் அந்தக் கூட்டில் சேரவே இல்லை. நடுநிலைமை வகிக்க விரும்பிற்று. கி.மு. 416-ல் ஏதென்ஸின் படை வந்து ஊரைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. உள்ளூரில் ஜனநாயகம், அயலூரில் ஆதிக்கம் என்னும் வித்தையை நாம் வேறொரு ஜாதியாரிடத்திலும் பார்த்திருக்கிறோம் அல்லவா? மீலோஸில் 1820-ல் கலப்பை பிடித்த குடியானவன் ஒருவன் கண்டெடுத்த அழகிய வீனஸ் சிலையும் அங்கே இல்லை. பாரிஸுக்குப் போய்விட்டது.

ஏதென்ஸும் பிற்பாடு தன் பங்கை அனுபவித்தது. துருக்கியர் வெடிமருந்து நிரப்பி வைத்திருந்த பார்த்தினானின் மேல் 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்தது. கோயில் நடுவே பிளந்தது. மிச்சம் நின்ற சிற்பங்களில் பெரும் பகுதியை எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்தெடுத்துக் கப்பலேற்றினார்கள். 1816-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவற்றை 35,000 பவுனுக்கு வாங்கிற்று. மெலினா மெர்க்கூரி மந்திரியாக இருந்தபோது, 1983-ல், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். 2009-ல் அக்ரபோலிஸ் மலையின் அடியில் புதிய பொருட்காட்சி சாலையைத் திறந்தார்கள். அதன் மேல் மாடியில், தம்மிடம் இருக்கும் தேன் நிறமான அசல் கற்களுக்கு நடுநடுவே, லண்டனில் இருப்பவற்றுக்குப் பதிலாக வெள்ளை வெளேரென்ற சுண்ண வார்ப்புகளை வைத்திருக்கிறார்கள். வாதம் ஒன்றும் தேவையில்லை. கண்ணே நியாயம் சொல்லிவிடுகிறது. இதில் பேச நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அமராவதி ஸ்தூபத்தின் கற்களில் ஒரு பகுதி எழும்பூர் மியூசியத்தில் இருக்க, மற்றொரு பகுதி 1859-ல் சென்னையிலிருந்து கப்பலேறி, அதே லண்டன் மியூசியத்தில்தான் குடியிருக்கிறது.

அக்ரபோலிஸுக்கு 2023 முதல் நேரம் குறித்த டிக்கெட். ஒரு நாளைக்கு இருபதினாயிரம் பேருக்கு மேல் விடுவதில்லை. காலை எட்டு மணிக்கே போய்விடுவது உத்தமம். உக்கிரமான கோடையில் மத்தியான வேளையில் மூடி விடுவதும் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு மேலே ஏற்றிவிடும் இயந்திரம் இருக்கிறது. அம்மாவுக்காக முதலில் விசாரித்த விஷயம் இதுதான்.

சாண்டோரினி வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவன் பிள்ளை. சூரியாஸ்தமனம் பார்க்க வேண்டுமாம். சூரியாஸ்தமனத்துக்கு யாரும் சீட்டுக் கட்டுவதில்லை என்றோம். ஆனால் அந்தத் தீவில் அக்ரோதீரி என்ற இடம் இருக்கிறது. ஏறக்குறைய மூவாயிரத்தறுநூறு வருஷங்களுக்கு முன் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர். ஸ்பிரிடான் மாரினாடோஸ் என்ற அறிஞர் 1967-ல் தோண்டத் தொடங்கினார். 1974-ல் அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். இரண்டு மூன்று அடுக்கு வீடுகள், மண் ஜாடிகள், சுவர்ச் சித்திரங்கள் எல்லாம் கிடைத்தன. எலும்புக்கூடுகள் மட்டும் கிடைக்கவில்லை. பூமி அதிர்ந்து எச்சரித்தவுடன் ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள் போலும். 2025 பிப்ரவரியில் அதே தீவில் நாள்தோறும் பூமி அதிர்ந்தபோது பதினாயிரம் பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினார்கள். பிறகு அதிர்ச்சி அடங்கியது, திரும்பி வந்தார்கள்.

அந்தச் சுவர்ச் சித்திரங்களில் ஒன்றில் நீல நிறக் குரங்குகள் பாறை மேல் ஏறி விளையாடுகின்றன. ஏஜியன் தீவுகளில் குரங்கு கிடையாது. வாலைத் தூக்கி வளைத்திருக்கும் விதத்தைக் கண்டு, இவை நமது தேசத்து ஹனுமான் குரங்குகளாக இருக்கலாமென்று சில ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் அபிப்பிராயம் தெரிவித்தார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. இதைக் கேட்டதும் அம்மா, "ஆஞ்சநேயர் கடல் தாண்டினது ஒரு தடவைதான் என்று யார் சொன்னது?" என்றாள். சாண்டோரினி நிச்சயமாயிற்று.

ஆக, இப்போதைய ஏற்பாடு இது. முதல் ராத்திரி ஏதென்ஸ் விமான நிலையத்துக்குச் சமீபமான ரஃபீனா துறைமுகத்தில். மிகோனோஸில் இரண்டு ராத்திரி. டீலோஸுக்கு ஒரு நாளும், காற்றுக்கு ஒரு நாளும். நாக்ஸோஸில் மூன்று ராத்திரி, சாண்டோரினியில் இரண்டு, ஏதென்ஸில் மூன்று. ரஃபீனாவிலிருந்து போகும் கப்பல்கள் வழியில் டீனோஸ் தீவில் நிற்பது வழக்கம். துறைமுகத்திலிருந்து மலைமேலுள்ள மாதா கோயில் வரையில் பக்தர்கள் முழந்தாளிட்டு ஊர்ந்து போவார்கள். இறங்க நேரமில்லை, கப்பலிலிருந்து கும்பிட்டுக் கொள்ளலாம்.

நாக்ஸோஸில் மூன்று ராத்திரி எதற்கென்றால், அம்மா இளைப்பாறுவதற்கு. ஊருக்கு எதிரே கடலோரத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஆரம்பித்து முடிக்காமல் விட்ட அப்போலோ கோயிலின் வாசல் நிலை மட்டும் பிரம்மாண்டமாய்த் தனியே நிற்கிறது. தீவின் வடகோடியில் பழைய கல் குவாரியிலே, செதுக்கி முடியாத பத்து மீட்டர்ச் சிலை ஒன்று மல்லாந்து படுத்திருக்கிறது. உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்ற ஊர் அது. மரக்கறிக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பட்டாணி வகைப் பருப்பை வேகவைத்து மசித்து எண்ணெய் ஊற்றி, 'ஃபாவா' என்று தருகிறார்கள். அந்தப் பருப்பு அக்ரோதீரியின் புதைந்த வீடுகளிலும் கிடைத்திருக்கிறது.

விசா விஷயம் சுருக்கமாக: ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம், பதினைந்து நாளுக்குள் வந்துவிட்டால் தாமதம். குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்தியக் காப்பீடு கட்டாயம். தங்கும் இடங்களுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளாகப் பார்த்து அமர்த்தினோம்.

அம்மாவுக்கு இது வரையில் பாஸ்போர்ட் கிடையாது. நாளைக் காலை மனுக் கொடுக்கப் போகிறோம். நாக்ஸோஸ் அறையில் அடுப்பு உண்டா என்று மட்டும் விசாரித்து எழுதச் சொன்னாள். உண்டு என்று பதில் வந்துவிட்டது. இருபத்துமூன்று கிலோப் பெட்டியில் ரசப்பொடிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது பற்றித்தான் இப்போது வீட்டில் விவாதம் நடந்து கொண்டிருக்கிறது.